கண் ரோட்டில், கை சுவிட்சில்

மணி அதிகாலை நான்கு. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர் முழுவதும் உறங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. உடனே நெய்யாற்றின்கரைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்படி ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள்.

அவளுடைய அண்ணன் ஜீப் ஓட்டுபவன். ஆனால் ஜீப் அன்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. பக்கத்து வீட்டில் போய்க் கதவைத் தட்டினான். கார் சாவியை வாங்கி வந்தான். பின் சீட்டில் தங்கையும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். கார் கிளம்பியது.

உதியன்குளங்கரை தாண்டியது. திடீரென்று மழை கொட்டியது. முன் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. ரோடு தெரியவில்லை. வைப்பரைப் போட வேண்டும். அவனுடைய ஜீப்பில் வைப்பர் கம்பி ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும். அதே பழக்கத்தில் இடது கம்பியைத் தட்டினான். வைப்பர் ஓடவில்லை. இண்டிகேட்டர் "டிக் டிக்" என்று அடித்தது.

அவன் தலையைக் குனிந்தான். டேஷ்போர்டைப் பார்த்தான். ஒரே இருட்டு. கைக்கு அகப்பட்ட ஒரு பொத்தானை அழுத்தினான். ரேடியோ பாடியது.

"மக்களே, முன்னால பாரு!" என்று அம்மா கத்தினாள்.

நிமிர்ந்தான். முன்னால் ஒரு சைக்கிள். பின்னால் பால் கேன் கட்டியிருந்தது. பிரேக்கை மிதித்தான். டயர் கிறீச்சிட்டது. சைக்கிளுக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது. யாருக்கும் அடி இல்லை. வைப்பர் கம்பி வலப்பக்கம் இருந்தது. அதை அவன் பிறகுதான் கண்டுபிடித்தான்.

அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். குடித்திருந்தானா? இல்லை. தூக்கமா? அதுவும் இல்லை. அந்தக் காரில் எந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரியவில்லை. அதனால் கண் தேடப் போனது. கண் தேடப் போன நேரத்தில் ரோட்டைப் பார்க்க ஆள் இல்லை.

இரண்டு நொடியில் எவ்வளவு தூரம்?

ஒரு சிறு கணக்குப் போடலாம். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மணிக்கு 3,600 நொடிகள். 60 கிலோமீட்டர் என்பது 60,000 மீட்டர். 60,000-ஐ 3,600-ஆல் வகுங்கள். ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் வரும்.

இரண்டு நொடிகள் குனிந்து பார்த்தால் கார் சுமார் 33 மீட்டர் ஓடிவிடும். மூன்று பெரிய பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு நீளம் இருக்கும். அத்தனை தூரமும் கார் கண்ணை மூடிக்கொண்டு ஓடியது போலத்தான்.

அந்த 33 மீட்டருக்குள் யாரெல்லாம் இருக்கலாம்? பால்காரர் இருக்கலாம். டீக்கடை திறக்கப் போகிறவர் இருக்கலாம். முதல் பஸ்ஸைப் பிடிக்க நடந்து வரும் பெண் இருக்கலாம். ஆகவே காருக்குள் இருக்கும் சுவிட்ச் கார்க்காரரின் கவலை மட்டும் அல்ல. ரோட்டில் நடக்கும் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

உள்விளக்கைப் போட்டால் என்ன?

"சுவிட்ச் தெரியவில்லையா? உள்ளே லைட்டைப் போடு" என்று சிலர் சொல்வார்கள். ஓடும் காரில் இது ஆபத்து. ஏன்?

கண்ணுக்குள் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. ஒரு வகை பகலில் நன்றாக வேலை செய்யும். நிறங்களைக் காட்டும். மற்றொரு வகை இருட்டில் வேலை செய்யும். மங்கலான ஒளியிலும் உருவங்களைக் காட்டும். ஆனால் நிறம் காட்டாது.

இருட்டுக்கான செல்கள் மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும். முழுதாக விழித்துக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். டியூப் லைட் எரியும் டீக்கடையில் இருந்து இருட்டுக்குள் வந்திருப்பீர்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் போனால் வரப்பு தெரியும், மரம் தெரியும். அந்தச் செல்கள் செய்யும் வேலைதான் அது.

கண் இருட்டுக்குப் பழகி இருக்கும்போது பளிச்சென்று ஒரு விளக்கைப் போட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். எதிரே வரும் லாரி பிரைட் லைட் அடித்தாலும் இதுதான் நடக்கும். வயதானவர்களின் கண் மறுபடி பழக இன்னும் அதிக நேரம் ஆகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே விளக்கு எரிந்தால் முன் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகிவிடும். உள்ளே இருப்பவர்கள் அதில் தெரிவார்கள். வெளியே இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள்.

விரலும் படிக்கும்

வெளிச்சம் இல்லாமல் பொருளைக் கண்டுபிடிக்க முடியுமா? தினமும் நீங்கள் அதைச் செய்கிறீர்கள்.

இரவில் கரண்டு போகிறது. அம்மா எழுந்து போகிறாள். அவள் கை நேராகத் தீப்பெட்டியில் போய் விழுகிறது. தீப்பெட்டி எப்போதும் அதே மாடத்தில் இருக்கிறது. அது அவள் கைக்குத் தெரியும்.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் பாலராமபுரம் இருக்கிறது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் தமிழ் நெசவாளர்கள் வந்து குடியேறிய ஊர் இது. இங்கே குழித்தறியில் வேட்டியும் சேலையும் நெய்கிறார்கள். நெசவாளரின் கால்கள் குழிக்குள் இருக்கும். அவர் மிதிகட்டையைக் குனிந்து பார்ப்பதில்லை. கண் நூலில் இருக்கும். கால் தானாகச் சரியான கட்டையை மிதிக்கும்.

பொத்தான் வைத்த செல்போனைப் பாருங்கள். 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். விரல் அந்த மேட்டைத் தொட்டால் போதும். மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. ஒரே ஒரு மேடு மற்ற எல்லா எண்களுக்கும் வழி சொல்கிறது.

விரலால் புத்தகமே படிக்க முடியும் என்று காட்டியவர் லூயி பிரெயில். அவர் 1809-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் ஒரு குத்தூசியை எடுத்து விளையாடினார். அது கண்ணில் குத்திவிட்டது. சில காலத்தில் இரண்டு கண்களும் பார்வை இழந்தன. 1824-இல், தம் 15-ஆம் வயதில், ஆறு மேடுகளைக் கொண்டு எல்லா எழுத்துகளையும் எழுதும் முறையை அவர் அமைத்தார். தமிழையும் இன்று அந்த முறையில் படிக்கிறார்கள்.

விமானத்தில் நடந்த தவறு

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். அமெரிக்காவில் பி-17 என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் இருந்தது. அதில் ஒரு விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரை இறங்கும். ஓடி வேகம் குறையும். அப்போது திடீரென்று சக்கரங்கள் உள்ளே மடங்கிவிடும். விமானம் வயிறு தரையில் உரசி நிற்கும்.

"விமானியின் கவனக் குறைவு" என்று பலரும் சொன்னார்கள். 1943-இல் ஆல்போன்ஸ் சபானிஸ் என்ற மனநூல் அறிஞர் விமானிகள் உட்காரும் இடத்தைப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் பிடியும், இறக்கையின் பின்பக்க மடல்களை இயக்கும் பிடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. களைத்துப் போன விமானி மடலை இயக்க நினைத்து, சக்கரத்தை மடக்கிவிட்டார்.

சபானிஸ் ஓர் எளிய வழி சொன்னார். சக்கரப் பிடியின் நுனியில் சிறு ரப்பர் சக்கரம் ஒன்றை வைத்தார். மடல் பிடியின் நுனியில் ஆப்பு போன்ற துண்டை வைத்தார். பார்க்க வேண்டியதே இல்லை. தொட்டாலே எது எது என்று தெரிந்தது. பயணிகள் விமானங்களில் இன்றும் சக்கரப் பிடியின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

தவறு செய்தவரை மட்டும் திட்டினால் தவறு நிற்காது. தவறுக்கு இடம் கொடுக்கும் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

எல்லை தாண்டியும் மாறாத எழுத்து

இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை. கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம். இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று அமைந்தது. இங்கே கடைப் பலகைகளில் எழுத்து மாறும். மலையாளம் குறையும், தமிழ் கூடும். ஆனால் கார் சுவிட்சில் இருக்கும் சின்னங்கள் எல்லை தாண்டினாலும் மாறுவதில்லை. உலகின் பல நாடுகளில் அவை ஒரே மாதிரி இருக்கின்றன. அவையும் எழுத்துகள்தான். அவற்றையும் படிக்கக் கற்கலாம்.

விசிறி போன்ற கண்ணாடி, நடுவில் ஒரு கோடு: இது வைப்பர்.

பாதி வட்டம், முன்னால் சரிந்த கோடுகள், பச்சை நிறம்: இது டிம் லைட்.

பாதி வட்டம், முன்னால் நேர்க்கோடுகள், நீல நிறம்: இது பிரைட் லைட். எதிரே வண்டி வந்தால் இந்த நீலம் அணைய வேண்டும்.

ஊதுகுழல்: இது ஹாரன்.

சிவப்பு முக்கோணம்: இது அபாய விளக்கு. வண்டி பழுதாகி ரோட்டோரம் நின்றால் இதைப் போட வேண்டும். நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு மின்னும்.

கண்ணாடிப் படத்தின் மேல் வளைந்து ஏறும் மூன்று அம்புகள்: கண்ணாடியில் படியும் புகைமூட்டத்தை இது நீக்கும். மழை இரவில் மிகவும் தேவை.

சின்னம் மாறாது. ஆனால் இடம் மாறும். ஜப்பான், கொரிய நாட்டு முறையில் செய்த கார்களில் பெரும்பாலும் லைட்டும் இண்டிகேட்டரும் வலப்பக்கக் கம்பியில் இருக்கும். வைப்பர் இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பிய முறையில் செய்த கார்களில் இது தலைகீழாக இருக்கும். நம் ஊர் ரோட்டில் இரண்டு வகையும் ஓடுகின்றன. அந்த அண்ணனின் கை தவறியது இதனால்தான்.

எந்த வெளிச்சம் நல்லது?

இப்போது பெரும்பாலான கார்களில் சுவிட்சுக்குள்ளேயே சிறு ஒளி உண்டு. பார்க்கிங் லைட்டைப் போட்டால் அந்த ஒளி எரியும். அதைக் கூட்டவும் குறைக்கவும் பல கார்களில் ஒரு திருகு இருக்கும். சுவிட்ச் தெரிகிற அளவுக்கு மட்டும் ஒளி இருந்தால் போதும். மீதியைக் குறைத்துவிடலாம்.

சிவப்பு ஒளி இருட்டுக்கான செல்களை அவ்வளவாகக் கலைக்காது. ஆகவே ராணுவ விமானங்களிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பளிச்சென்ற வெள்ளை, நீல விளக்குகளைக் காருக்குள் அலங்காரத்துக்கு ஒட்டுவது இரவில் நல்லதல்ல.

கடையில் "ரேடியம் ஸ்டிக்கர்" கேட்டு வாங்குகிறார்கள். அதில் ரேடியம் இல்லை. மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் காகிதம் அது. வண்டியின் பின்னால் ஒட்டினால் மிகவும் பயன்படும். பின்னால் வரும் வண்டியின் ஒளி அதில் படும். ஆனால் இருட்டான காருக்குள் ஒட்டினால் ஒளிராது. திருப்பி அனுப்ப அங்கே ஒளி இல்லையே!

அப்படியானால் அந்தப் பெயர் எப்படி வந்தது? ரேடியம் என்பது ஓர் உலோகம். 1898-இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியரி கியூரியும் அதைக் கண்டுபிடித்தார்கள். ரேடியம் கலந்த சாயம் இருட்டில் தானாக ஒளிரும். அந்தச் சாயத்தைக் கடிகார எண்களின் மேல் பூசினார்கள். அமெரிக்காவில் 1917 முதல் இளம்பெண்கள் பலர் இந்த வேலை செய்தார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். அவர்களும் அப்படியே செய்தார்கள். ரேடியம் உடலுக்குள் போனது. தாடை எலும்பு அரித்தது. பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் நியாயம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 1928-இல் நஷ்டஈடு கிடைத்தது. பிற்காலத்தில் ரேடியம் சாயம் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் ஸ்டிக்கர் கடையில் நின்றுவிட்டது.

1993-இல் ஜப்பானில் ரேடியம் இல்லாமல் ஒளிரும் புதிய சாயம் வந்தது. அதில் கதிர்வீச்சு இல்லை. பகலில் ஒளியைக் குடித்து வைத்துக்கொள்ளும். இருட்டில் சில மணி நேரம் மெல்ல ஒளிரும். வரவர மங்கும். விடியற்காலையில் அதை முழுதும் நம்ப முடியாது.

ஆக, ஒளி ஓர் உதவி. இருட்டில் எந்த நேரமும் கூட இருப்பது விரல்தான்.

கண்ணாடித் திரை வந்த பிறகு

இப்போது பல புதிய கார்களில் பொத்தான்கள் குறைந்துவிட்டன. நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் திரை இருக்கிறது. எல்லாவற்றையும் அதில் தொட்டுத்தான் செய்ய வேண்டும். திரை வழவழப்பாக இருக்கும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

2022-இல் சுவீடன் நாட்டில் ஒரு கார் பத்திரிகை இதைச் சோதித்தது. 11 புதிய கார்களையும், பொத்தான்கள் உள்ள 17 ஆண்டு பழைய கார் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிக்கொண்டே நான்கு சிறு வேலைகள் செய்ய வேண்டும். பழைய காரில் 10 நொடியில் முடிந்தது. புதிய கார்களில் ஒன்றில் 44.9 நொடி ஆனது.

ஐரோப்பாவில் யூரோ என்கேப் என்ற அமைப்பு உண்டு. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் அமைப்பு அது. ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், அபாய விளக்கு, அவசர உதவி அழைப்பு ஆகியவற்றைத் திரைக்குள் ஒளிக்கக் கூடாது. தனிப் பொத்தானோ கம்பியோ இல்லாத காருக்கு 2026 முதல் முழு மதிப்பெண் கிடையாது என்று அது விதி வகுத்தது. விரலின் அருமை இப்படி மறுபடியும் உணரப்பட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வண்டியை நிறுத்தி வைத்துப் பழகுங்கள். இஞ்சின் ஓட வேண்டாம். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடட்டும். பக்கத்தில் ஒருவர் "வைப்பர்", "டிம்", "அபாய விளக்கு" என்று சொல்லட்டும். ஓட்டுபவர் உடனே தொட வேண்டும். பத்து முறை சொன்னால் பத்து முறையும் சரியாக வர வேண்டும்.

பழகாத வண்டி என்றால் கிளம்பும் முன் அரை நிமிடம் நில்லுங்கள். லைட், வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் நான்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். எவ்வளவு அவசரமானாலும் இதை விடாதீர்கள்.

ஒரே மாதிரி பொத்தான்கள் வரிசையாக இருந்தால், முக்கியமான ஒன்றில் மட்டும் மேடு வையுங்கள். ஒட்டும் ரப்பர் பொட்டு வைக்கலாம். கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டுகூட உதவும். வெயிலில் அது உதிர்ந்தால் வேறொன்று ஒட்டலாம். எல்லாப் பொத்தானிலும் ஒட்டினால் பயன் இல்லை. சின்னத்தை மறைக்கக் கூடாது. பொத்தான் அமுங்குவதைத் தடுக்கக் கூடாது. ஸ்டியரிங் நடுவில் எதையும் ஒட்டக் கூடாது. அதற்குள் காற்றுப்பை இருக்கலாம்.

சுவிட்சுக்குள் விளக்கு எரியவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நீங்களே வயரை வெட்டி விளக்கு இணைக்காதீர்கள். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

ஓடும்போது சுவிட்ச் அகப்படவில்லையா? தேடாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். ஓரமாக நிறுத்துங்கள். பிறகு விளக்குப் போட்டுத் தேடுங்கள்.

மறுபடியும் அந்தக் காருக்கு வருவோம். அண்ணன் வைப்பரைப் போட்டான். கை நடுங்கியது. மெல்ல ஓட்டி நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்தான். விடிந்தபோது தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஊருக்குத் திரும்பினான். சாவியைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"மாமா, நாளைக்குக் காரை அரை மணி நேரம் தருவீங்களா?" என்று கேட்டான்.

"எங்க போகப் போற மக்களே?"

"எங்கயும் இல்ல மாமா. முற்றத்துல நிறுத்திக் கண்ணை மூடிப் பழகணும்."

செய்து பாருங்கள்

1. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி இரண்டு நொடியில் எத்தனை மீட்டர் போகும்? கணக்குப் போடுங்கள்.

2. உங்கள் வீட்டில் கரண்டு போனால் முதலில் என்ன தேவை? அது இருட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? இன்றே பாருங்கள்.

3. உங்கள் ஊரில் நிற்கும் ஒரு காரிலோ ஜீப்பிலோ உள்ள சின்னங்களைப் பாருங்கள். அவற்றை வரைந்து, பக்கத்தில் பெயர் எழுதுங்கள்.